எட்டு இலக்கப் பிறந்தநாள்

1

வரப்போகிற ஜனவரி பதினொன்றாம் திகதி நான் மீன் ரோல்ஸ் கொண்டுவர மாட்டேன் என்று வேலையிடத்தில் அறிவித்துவிட்டேன். பெரிய எதிர்ப்பு.

ஹனோவரில், மருத்துவமனைத் துணிகளைத் தோய்க்கும் ஒரு சலவைத் தொழிற்சாலையில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். இந்த நாட்டில் பிறந்தநாள்காரன்தான் மற்றவர்களுக்குத் தின்பண்டம் கொண்டுபோக வேண்டும். என் அடையாள அட்டையில் பிறந்த திகதி 11.01.1951 என்று இருந்தது. ஆகவே ஒவ்வொரு ஜனவரியும் என் மனைவி றீற்றா பொரித்துக் கொடுத்த அறுபது ரோல்ஸைத் தட்டில் அடுக்கி, மடியில் வைத்துக்கொண்டு ட்ராமில் போவேன். என்னை மறந்தாலும் அந்தத் திகதியை அங்கே ஒருவரும் மறப்பதில்லை.

அது நான் பிறந்த நாள் அல்ல. அந்த வருடமும் நான் பிறந்த வருடம் அல்ல. நான் பிறந்தது 17.07.1957. வீட்டில் கொண்டாடுவது அதைத்தான். றீற்றா ஆட்டிறைச்சிக் குழம்பு வைப்பாள். மகள் ஜெனிற்றா கேக்கில் ஒரு மெழுகுதிரியைக் குத்திவிட்டு, பாட்டு முடிய முதலே தன் அறைக்குப் போய்விடுவாள். அவளுக்குப் பதினேழு வயது.

காகிதத்தில் எனக்கு ஐம்பது ஆனபோது தங்கநிறத்தில் 50 என்று வெட்டிய மாலையை இஸ்திரி இயந்திரத்துக்கு மேலே தொங்கவிட்டார்கள். உண்மையில் எனக்கு அன்றைக்கு நாற்பத்துமூன்றரை. முதலாளி தோளில் தட்டி, "உன்னைப் பார்த்தால் ஐம்பது என்று யார் சொல்வார்?" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

இந்த இரட்டை வாழ்க்கை ஒரு துப்பறியும் நாவலால் முடிவுக்கு வந்தது. அந்த நாவலை நான் இன்னும் ஒரு பக்கம்கூட வாசிக்கவில்லை.

2

பெரிய கட்டில் விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்துக்குக் கொடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, ஒன்றாக வைக்க வேண்டும். என் எதிர்முனையில் பதினோரு வருடமாக நிற்பவள் ஹைக்க. வாய் ஓயாதவள். இந்தக் கோடையில் தான் வாசித்துக்கொண்டிருந்த ஒரு நாவலை எனக்கு விரிப்பு விரிப்பாகச் சொன்னாள். வடகடலில் ஒரு தீவு, கலங்கரை விளக்கத்தில் ஒரு பிணம், சந்தேகத்துக்குரிய ஐந்து பேர். கதை நல்ல சூடு பிடித்த இடத்தில் அவளுக்கு முதுகுவலிச் சிகிச்சைக்கு இடம் கிடைத்து, மூன்று கிழமை போய்விட்டாள். போகும்போது, "மிச்சத்தை நீயே வாசி. பேசத்தான் தெரியுமா, வாசிக்கத் தெரியாதா?" என்று ஒரு குத்து வேறு.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. இருபது வருடமாக நான் ஜெர்மனில் வாசித்ததெல்லாம் அலுவலகக் கடிதங்கள். அவற்றிலும் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பேன், ஏதாவது திகதி போட்டு மிரட்டியிருக்கிறார்களா என்று. ஒரு கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

எங்கள் பகுதி நூலகத்தில் சேர்ந்தேன். அந்த நாவலின் ஒரே பிரதியும் வெளியில் இருந்தது. அங்கே வேலை செய்யும் இளம்பெண், கணினியிலும் இரவல் எடுக்கலாம் என்று ஒரு துண்டுப்பிரசுரம் தந்தாள். புத்தகம் இணையத்தில் வரும். வாசிக்கும் கருவியில் ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு கிழமை முடிய அது தானாகவே பூட்டிக்கொள்ளும், திருப்பிக் கொடுக்கவும் தேவையில்லை, பிந்திய தண்டமும் இல்லை. எழுத்தை வேண்டிய அளவு பெருப்பிக்கலாம். கண்ணாடியைத் தேடி வீட்டை இரண்டாக்கும் எனக்கு இந்தக் கடைசி வரி போதும்.

கருவிக்கு எங்கே போவது? அதற்கும் வழி வந்தது. செப்டெம்பரில் தொழிற்சாலையில் இருபது வருடம் முடித்ததற்குப் பரிசு. ஒரு பட்டியலைத் தந்து, விரும்பியதைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். மற்றவர்கள் கைக்கடிகாரமும் கோப்பி இயந்திரமும் எடுப்பார்கள். நான் மின்னூல் வாசிக்கும் கருவியை எடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் றீற்றா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதென்ன சிலேற்றோ? இந்த வயசில நீங்கள் அரிவரி தொடங்கப் போறியளோ?"

"ஓம். உமக்கும் சேர்த்துத்தான்."

3

துண்டுப்பிரசுரத்தில் இப்படி இருந்தது: பயனர் எண் உங்கள் நூலக அட்டையில் உள்ளது, கடவுச்சொல் உங்கள் பிறந்த திகதி, எட்டு இலக்கம்.

கணினி ஜெனிற்றாவின் இராச்சியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் அட்டையையும் கருவியையும் கொடுத்து, "பிள்ளை, இதை ஒருக்கால் செய்து தாங்கோ" என்றுவிட்டு, நான் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குக் கதிரை அடுக்கப் போய்விட்டேன். பூசை முடிந்து வந்தால் அவள் முகம் சரியில்லை.

"கணக்கைப் பூட்டிவிட்டார்கள்" என்றாள் ஜெர்மனில். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். பல வருடமாக அதுதான் ஒப்பந்தம். "மூன்று தரம் அடித்தேன். உங்கள் பிறந்தநாள் பிழை என்கிறது."

அவள் என்ன திகதியை அடித்திருப்பாள் என்று கேட்கத் தேவையில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு திகதிதானே, ஜனவரி ரோல்ஸைப் புதுவருட உபசாரம் என்றே நினைத்திருந்தாள். என் பத்திரங்களெல்லாம் ஓர்ட்னர் என்ற கனத்த கோப்பு மட்டைகளில், அலுமாரியின் மேல்தட்டில். பிள்ளை அவற்றைத் தொட்டதே இல்லை. அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அவையின்ர மிசின் பிழையாக்கும்" என்றேன். எனக்குச் சரியாக வராத வேலை பொய் சொல்வது. அன்றைக்கும் சரியாக வரவில்லை.

கணக்கைத் திறக்க அட்டைக்காரர் அடையாள அட்டையோடு நேரில் வரவேண்டும். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து போனேன். ஜெனிற்றாவும் கூடவே வந்தாள், மிசினின் பிழையை நிரூபிக்க. பிழையென்றால் விடமாட்டாள், அது என் அம்மாவின் குணம். நூலகப் பெண் என் அடையாள அட்டையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்களிடம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்றாள். "நீங்கள்தான் வேறு திகதி அடித்திருக்கிறீர்கள். பதினொன்று, ஒன்று, ஐம்பத்தொன்று. அதுதானே உங்கள் பிறந்தநாள்?"

"ஓம்" என்றேன். வாய் தன்னாலே சொன்னது. அந்தக் கேள்விக்கு இருபத்துமூன்று வருடமாக அது ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறது.

பக்கத்தில் நின்ற ஜெனிற்றா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ட்ராம் தரிப்பு வரை வந்து, அங்கே நின்று, தமிழில் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் பொய் சொன்னனீங்களோ?"

ஜெர்மனில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பள்ளிக்கூடத்தில் அரசியல் பாடத்தில் அகதிகளைப் பற்றி விவாதம் நடந்ததாம். ஒருவன், "இவர்கள் எல்லாரும் பொய் சொல்லித்தான் தஞ்சம் எடுத்தார்கள்" என்றானாம். இவள் எழும்பி நின்று, "என் அப்பா பொய் சொல்லவில்லை" என்றாளாம். இதையெல்லாம் அந்தத் தரிப்பில் வைத்துத்தான் எனக்குச் சொன்னாள். மூன்று ட்ராம்கள் வந்து போயின.

4

நடந்தது இதுதான்.

எண்பத்தாறாம் ஆண்டு நான் கிழக்கு பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, றெயிலேறி மேற்குப் பக்கம் வந்தேன். கடவுச்சீட்டை, கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் மேற்குப் பக்கம் வந்ததும் திருப்பி வாங்கிவிட்டான். பதிவு செய்யும் இடத்தில் ஒரு படிவத்தைத் தந்து நிரப்பச் சொன்னார்கள். மன்னாரில் படித்தவன், ஆங்கில எழுத்துத் தெரியும். பெயரை எழுதினேன், பிறந்த திகதியை எழுதினேன். 17-7-1957.

ஏழு என்ற இலக்கத்தை நாங்கள் எப்படி எழுதுவோம்? மேலே சின்னதாக ஒரு கோடு, பிறகு கீழே ஒரே இழுப்பு. ஜெர்மன்காரர் ஏழின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு போடுவார்கள். அது இல்லாவிட்டால் அவர்களுக்கு அது ஏழே இல்லை. ஏனென்றால் அவர்களுடைய ஒன்று எங்களுடைய ஏழைப் போலவே இருக்கும், மேலே மூக்கு வைத்து. என் படிவத்தை எடுத்துத் தட்டச்சு செய்தவர் ஏழுகளையெல்லாம் ஒன்றுகளாக அடித்துவிட்டார். 11.1.1951. ஒரு நிமிடத்தில் எனக்கு ஆறரை வயது ஏறிவிட்டது.

அட்டை கைக்கு வந்தபோது கண்டேன். முகாமில் என் அறையில் இருந்த சவிரிமுத்து அண்ணையிடம் காட்டினேன். எங்களுக்கு ஒரு வருடம் முந்தி வந்தவர் என்பதால் அவர்தான் எங்கள் சட்டத்தரணி.

"பேசாமல் இரு, தம்பி" என்றார். "பிறந்த நாளையே மாத்திச் சொல்லுறான், மற்றதையும் மாத்திச் சொல்லியிருப்பான் எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

பேசாமல் இருந்தேன். முதலில் வழக்கு முடியட்டும் என்றிருந்தேன். பிறகு விசா நிரந்தரமாகட்டும் என்று, பிறகு றீற்றா வந்து சேரட்டும் என்று, பிறகு குடியுரிமை கிடைக்கட்டும் என்று. குடியுரிமை கிடைத்த பிறகு பயம் இன்னும் கூடியது. பொய்த் தகவல் கொடுத்து எடுத்த குடியுரிமையைப் பறிக்கலாம் என்று எங்கோ கேள்விப்பட்டேன். என்னுடையதைப் பறித்தால் றீற்றாவினதும் பிள்ளையினதும் என்னவாகும்?

இதையெல்லாம் ஜெனிற்றாவுக்குச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏழை ஒண்டெண்டு ஆர் வாசிப்பினம்?" என்றாள். அவள் முதலாம் வகுப்பிலிருந்தே கோடு போட்ட ஏழுதான் எழுதுகிறாள். அவளோடு மேசையிலிருந்து வீட்டுப்பாடம் செய்தபோதுதான் நானும் கோடு போடப் பழகினேன். பழகியது எவ்வளவென்றால், இப்போது கோடில்லாத ஏழை எழுதிக் காட்டவும் கை மறுக்கிறது.

என்னை நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. அந்தக் கிழமை முழுக்க "ஓம்", "இல்லை" தவிர வேறு பேச்சில்லை. அந்த வருடம் ஏற்கெனவே எங்கள் வீட்டில் பேச்சுக் குறைந்துதான் இருந்தது. மே மாதம் யுத்தம் முடிந்த பிறகு ஊரைப் பற்றி வந்த செய்திகளை எழுத எனக்கு ஏலாது. அந்த மௌனத்துக்கு மேலே இதுவும் சேர்ந்தது.

5

நான் சொல்வது உண்மை என்று நிரூபிக்க ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. பெர்லினில் நான் நிரப்பிய படிவம். அது என் கோப்பில் இருக்க வேண்டும். அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லிக் கேட்பதைத்தான் இருபத்துமூன்று வருடமாகத் தவிர்த்து வந்தேன். அதற்குள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அந்தப் படிவமே இல்லாமல் இருந்தால்? எழுத்து அழிந்துபோயிருந்தால்? தட்டச்சு செய்த பொய் மட்டும் மிஞ்சியிருந்தால்?

சவிரிமுத்து அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவரும் இப்போது ஹனோவரில்தான் இருக்கிறார்.

"உனக்கு மண்டை சுகமில்லையோ?" என்றார். "இன்னும் ஏழு வருசத்தில பென்சன். திருத்தினியெண்டால் அதுக்கு மேலே ஆறரை வருசம் மாடு மாதிரி வேலை செய்ய வேணும். அவங்கள் பிழை விட்டு உனக்கு ஒரு நன்மை செய்திருக்கிறாங்கள். வாயை மூடிக்கொண்டு அனுபவியன்."

அதுவும் உண்மைதான். அந்த மாதமே முதலாளி என்னைக் கூப்பிட்டு, வயதானவர்களுக்கான பாதிநேர வேலைத் திட்டப் படிவத்தை நீட்டியிருந்தார். கையெழுத்து வைத்தால் விரிப்பு உதறும் வேலையிலிருந்து மெல்ல மெல்ல விடுதலை. படிவம் என் பையில் மடித்தபடி கிடந்தது. தோளைக் கேட்டால் வை என்றது.

றீற்றாவோ பேச்சையே எடுக்கவிடவில்லை. "இருக்கிறதைக் கிண்டி எங்களை நடுத்தெருவில விட்டுப்போடாதேங்கோ. ஒரு கதைப் புத்தகம் வாசிக்கிறதுக்காக ஆரும் குடியுரிமையைப் பணயம் வைப்பினமோ?"

அப்போது ஜெனிற்றா தன் அறையிலிருந்து வந்தாள். கையில் ஒரு துண்டுக் கடதாசி.

"கணக்குப் பார்த்தேன்" என்றாள் ஜெர்மனில். "இரண்டு திகதிகளுக்கும் இடையில் சரியாக ஆறு வருடம், ஆறு மாதம், ஆறு நாள்."

றீற்றாவின் முகம் வெளிறிவிட்டது. தினமும் செபமாலை சொல்லுகிறவள். மூன்று ஆறு சேர்ந்தால் சாத்தானின் எண் என்று வேதாகமத்தில் வாசித்தவள். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள்.

"இருபத்துமூண்டு வருசமோ?" என்றாள். "அந்த மூண்டு ஆறையும் சட்டைப்பையில வைச்சுக்கொண்டே என்னைக் கலியாணம் கட்டினனீங்கள்? நாளைக்கே போய்த் திருத்துங்கோ."

இரண்டு நிமிடத்துக்கு முந்தி நடுத்தெருவைப் பற்றிப் பேசிய மனிசி. ஜெனிற்றா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்கியதைக் கண்டேன். அந்தக் கிழமையில் அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். முதலாளி தந்த படிவத்தை அன்றைக்கே கிழித்தேன். நிரூபணம் கிடைக்குமோ இல்லையோ, இனிமேல் பொய் வயதில் ஒரு சலுகை எடுக்க மாட்டேன், பொய்த் திகதியை அடித்து நூலகத்தில் ஒரு புத்தகம்கூட எடுக்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

6

ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா, அப்பாவின் பழைய பெட்டியிலிருந்து இரண்டு வருடத்துக்கு முந்தித்தான் எங்கள் பிறப்புப் பத்திரங்களைக் கண்டெடுத்திருந்தாள். என்னுடையதைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஜெர்மனில் எடுத்தேன். அன்ட்ராக் எழுதினேன், அதாவது விண்ணப்பம். ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு தெர்மீன் கிடைத்தது. இந்த நாட்டில் தெர்மீன் என்றால் நேரம் குறித்துத் தரும் சந்திப்பு. மாதா தரிசனத்துக்கும் தெர்மீன் கேட்பார்கள் என்று எங்கள் ஆட்கள் பகிடி விடுவார்கள்.

"நானும் வாறன்" என்றாள் ஜெனிற்றா. எனக்குத் துணையாக வருகிறாளா, சாட்சியைப் பார்க்க வருகிறாளா என்று கேட்கவில்லை.

அதிகாரியின் பெயர் திருமதி லேமான். என் வயது இருக்கும், உண்மை வயது. பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, "இது மட்டும் போதாது, திரு அந்தோனிப்பிள்ளை" என்றார். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு வருகிற பத்திரத்தை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் உங்கள் பழைய கோப்பைப் பெர்லினிலிருந்து எடுப்பித்திருக்கிறேன்."

மேசையில் ஒரு மஞ்சள் மட்டைக் கட்டு. ஒரு செங்கல் தடிப்பு. அவர் திறந்தார். முதல் தாளில் என் படம். அடர்ந்த மீசை, குழிவிழுந்த கன்னம். ஜெனிற்றா முன்னுக்குச் சாய்ந்து பார்த்தாள்.

மூன்றாவது தாள் அந்தப் படிவம். நீல மை கொஞ்சம் மங்கியிருந்தது, அழியவில்லை. திருமதி லேமான் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நெடுநேரம் பார்த்தார்.

"இதில் இரண்டு விதமான ஒன்று இருக்கிறது" என்றார். "சில வெறும் கோடு. சில மேலே மூக்கோடு." ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளினார். "உங்கள் பிறந்த திகதியை எழுதுங்கள்."

எழுதினேன். பார்த்தால், ஏழெல்லாம் இடுப்பில் குறுக்குக் கோட்டோடு நிற்கின்றன. ஜெர்மன் ஏழு. திருமதி லேமானின் புருவம் உயர்ந்தது. இன்னொரு தரம் எழுதினேன். கை மறுபடியும் கோடு போட்டுவிட்டது. இருபத்துமூன்று வருடம் காத்திருந்து, கடைசியில் என் கையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறதே என்று நினைத்தேன்.

"அவர் கோடு போடப் பழகியது என்னிடம்" என்றாள் ஜெனிற்றா, ஜெர்மனில், நல்ல தெளிவாக. "என் முதலாம் வகுப்பு வீட்டுப்பாடத்தில்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, ஜெர்மனில யோசிக்காதேங்கோ. தமிழில சொல்லிச் சொல்லி எழுதுங்கோ."

கண்ணை மூடி மூச்சு விட்டேன். "பதினேழு" என்று வாய்க்குள் சொன்னேன். கை எழுதியது. "ஏழு." எழுதியது. "ஐம்பத்தேழு." கண்ணைத் திறந்து பார்த்தால் ஒரு குறுக்குக் கோடும் இல்லை. மன்னாரில் பள்ளிக்கூடத்து வாங்கில் இருந்து எழுதிய அதே ஏழுகள்.

திருமதி லேமான் அந்தத் தாளைப் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கையெழுத்து என்று ஒரு குழந்தைக்கும் தெரியும். ஆனால் அவர் அதிகாரி, அதோடு விடவில்லை. கோப்பைப் புரட்டிக்கொண்டே போனார். விசாரணைப் பதிவு வந்தது, மொழிபெயர்ப்பாளர் மூலம் நான் சொன்னதை ஜெர்மனில் தட்டச்சு செய்தது. ஒரு வரியில் விரலை வைத்து, அதைச் சத்தமாக வாசித்தார்.

"எனக்கு இருபத்தொன்பது வயது."

ஐம்பத்தொன்றில் பிறந்தவனுக்கு எண்பத்தாறில் முப்பத்தைந்து வயது இருக்க வேண்டும். ஒரே கோப்பில் இரண்டு வயது. இத்தனை வருடத்தில் ஒரு அதிகாரியும் அதைக் கழித்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. நான் பயந்து பயந்து ஒளித்த கோப்பு, முதல் நாளிலிருந்தே எனக்குச் சாட்சியாக இருந்திருக்கிறது.

"நீங்கள் உண்மையைத்தான் எழுதியிருக்கிறீர்கள், உண்மையைத்தான் சொல்லியும் இருக்கிறீர்கள்" என்றார் திருமதி லேமான். "வாசித்தவர்கள்தான் சரியாக வாசிக்கவில்லை."

ஜெனிற்றா அந்தப் பதிவைத் தான் பார்க்கலாமா என்று கேட்டாள். திருமதி லேமான் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். பிள்ளை அந்தத் தாள்களைத் தன் மொழியில் வாசித்தாள். நான் எந்த வழியால் வந்தேன், யாரை விட்டுவிட்டு வந்தேன், ஏன் வந்தேன். இவற்றை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. தமிழில் சொன்னால் அவளுக்கு முழுக்க விளங்காது, ஜெர்மனில் சொல்ல எனக்குச் சொல் பத்தாது. நான்கு பக்கத்தையும் வாசித்தாள். பிறகு தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் தானாக என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, திருமதி லேமான் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்று சொல்ல வேண்டும்" என்றார் கடைசியில். "திருத்தினால் உங்கள் ஓய்வூதியம் ஆறரை வருடம் தள்ளிப்போகும். தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "திருத்துங்கள்."

7

டிசெம்பரில் கடிதம் வந்தது. முதன்முறையாக ஒரு அலுவலகக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். றீற்றா அதை வாங்கி, மாதா படத்துக்கு முன்னே ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டுத்தான் ஓர்ட்னருக்குள் போட விட்டாள்.

வேலையிடத்தில் சொன்னபோது முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "வயதைக் குறைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். வேலையைக் கூட்டுவதற்காகக் குறைக்கிறவனை இப்போதுதான் காண்கிறேன்" என்றார். ஹைக்கவோ விரிப்பை அப்படியே கைவிட்டுவிட்டு, "அப்படியென்றால் நீ என்னைவிட இளையவனா?" என்று கேட்டு, அன்று பின்னேரம் வரை கோபமாக இருந்தாள். ஜனவரி ரோல்ஸ் யூலைக்குப் போவதை இன்னும் ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பேச்சுவார்த்தை நடக்கிறது.

போன வெள்ளிக்கிழமை புதிய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நேரே நூலகத்துக்குப் போனேன். அதே இளம்பெண். அட்டையைப் பார்த்தாள், விசைகளைத் தட்டினாள், "ஆயிற்று" என்றாள். பத்து விநாடி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஜெனிற்றா கணினியைத் திறந்து, கதிரையை எனக்கு விட்டுத் தந்தாள். "நீங்களே அடியுங்கோ" என்றாள், தமிழில். இந்த நாட்களில் அவள் வாயில் தமிழ் கொஞ்சம் அடிக்கடி வருகிறது. கேட்டும் கேட்காதது போல இருக்கிறேன், கவனிக்கிறேன் என்று தெரிந்தால் விட்டுவிடுவாளோ என்று பயம்.

பயனர் எண்ணை அடித்தேன். கடவுச்சொல்லுக்கு வந்தேன். ஒரு விரலால், ஒவ்வொன்றாக. 1. 7. விசைப்பலகையில் ஏழைப் பார்த்தேன், இடுப்பில் கோடு இல்லை. இவ்வளவு காலமும் கவனிக்கவில்லை. 0. 7. 1. 9. 5. 7. றீற்றா குசினியிலிருந்து அகப்பையோடு வந்து பின்னால் நின்றாள். பொத்தானை அழுத்தினேன்.

நல்வரவு, திரு அந்தோனிப்பிள்ளை.

இந்த நாட்டில் ஒரு இயந்திரம் என் உண்மையான பிறந்தநாளைக் கேட்டு, சரி என்று சொல்லிக் கதவைத் திறந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பெரிய பெருமை. இருபத்துமூன்று வருடத்தில் இப்படி ஒரு பெருமையை நான் அடைந்ததில்லை என்று எழுத எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

பிறகு கலங்கரை விளக்க நாவலைத் தேடினோம். கிடைத்தது. அட்டைப் படத்துக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி: இரவலில் உள்ளது, உங்களுக்கு முன்னே மூன்று பேர்.

"மின்னூலுக்குமோ வரிசை?" என்றாள் றீற்றா.

"ஆளுக்கு ரெண்டு கிழமை. மொத்தம் ஆறு கிழமை, அப்பா" என்றாள் ஜெனிற்றா. "பேசாமல் ஹைக்கவிட்டக் கேளுங்கோவன், ஆர் கொலைகாரன் எண்டு."

"வேண்டாம், பிள்ளை. என்ர பேரைப் பதிஞ்சு விடுங்கோ" என்றேன். "எனக்கு இப்ப ஆறரை வருசம் கூட இருக்கு."